கறுப்பு வண்டியின் கோடுகள்

அத்தியாயம் 11

“நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள கோட்டை எடு. இல்லாட்டி கடையை எடு.”

டீக்கடை வாசலில் பத்துப் பேர் பார்க்க, ஜெயபாண்டி வண்டிச் சாவியைச் சிராஜின் காலடியில் வீசிவிட்டுப் போனது நேற்று.

இன்று காலை ஒன்பது மணிக்குப் பரவையில், திண்டுக்கல் ரோட்டோரத்துக் கார் பாலிஷ் கடையின் தகரக் கூரைக்குக் கீழே அந்தக் கறுப்பு வண்டி மாப்பிள்ளை முறுக்கோடு நின்றது. எதிரே கடைக்காரன் சிராஜ் நின்றான். அவனிடம் வேலை பார்க்கிற நாகஜோதி பக்கத்தில் நின்றாள்.

ஜெயபாண்டி அவளுக்குத் தாய்மாமன். கடை நிற்கிற இடமும் அவருடையது. இன்று மாலை அவர் மகள் திவ்யாவுக்குத் திருப்பரங்குன்றத்து மண்டபத்தில் நிச்சயம். கறுப்பு வண்டி முன்னால் போக, மற்ற வண்டிகள் பின்னால் வர வேண்டும். அந்த வண்டியின் முகத்தில்தான் கோடுகள்.

நிழலில் நின்றால் தெரியாது. வெயிலில் நிறுத்தினால் தெரியும். சூரியன் விழுந்து மின்னுகிற இடத்தைச் சுற்றி முடி முடியாக, வட்ட வட்டமாக, ஆயிரம் கோடுகள். பெட்ரோல் பங்கில் யாரோ ஒருத்தன், “செகண்ட் ஹேண்ட் வண்டியா மாப்ள?” என்று கேட்டுவிட்டான். மாமன் மகன் ராம்கிக்கு மானம் போய்விட்டது. போன மாதம் ஒரே ஒரு தடவை வண்டியைக் கழுவிக் கொடுத்த சிராஜ் மேல் பழி விழுந்தது.

“அண்ணே, நீங்க கீறலைன்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மூஞ்சிக்கு நேரா சொல்ல வேண்டியதுதான?” என்றாள் நாகஜோதி.

“சொன்னா கேக்குற ஆளா உங்க மாமா? சபூரா, பொறுமையா இரு தங்கச்சி. மொதல்ல வேலையப் பாப்போம்.”

வேலை பார்க்கக் கரண்ட் இல்லை. மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு என்று காலையில் நிறுத்திச் சாயங்காலம் கொடுப்பார்கள். அந்த நாள் இன்றைக்குப் பார்த்து வந்து தொலைத்தது. முகூர்த்த நாள் என்பதால் ஊரில் இருந்த ஜெனரேட்டர் எல்லாம் மண்டபங்களுக்குப் போய்விட்டன. பாலிஷ் மிஷின் ஆணியில் தொங்கியது.

“கைதான்,” என்றான் சிராஜ்.

நாகஜோதி பின்கதவைத் திறந்தாள். குப்பென்று வந்தது. நேற்றைய பிரியாணி, வேர்வை, மூடி தொலைந்த பாட்டில், அதற்கு மேல் அடித்த மல்லிகை சென்ட். சீட்டுக்கு அடியில் கைவிட்டாள். கடித்துப் போட்ட கோழி எலும்பு ஒன்று விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. அதில் எறும்பு. வெளிப்பக்கம், டிரைவர் கண்ணாடியிலிருந்து பின்கதவு வரைக்கும் வெற்றிலை எச்சில் காற்றில் இழுபட்டுக் காய்ந்து கிடந்தது. ஓடுகிற வண்டியிலிருந்து துப்பினால் அப்படித்தான் விழும். துப்பியவன் ஒரு முறை திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டான்.

இந்த வண்டிக்குத்தான் மாமன் வீட்டில் வெள்ளிக்கிழமை தவறாமல் பூஜை. பானட்டில் மூன்று விரலால் விபூதிப் பட்டை, நடுவில் சந்தனம், குங்குமம், சூடம், எலுமிச்சை. வெளியே தெய்வம். உள்ளே எலும்பு.

“அந்த வீடே இப்படித்தாண்ணே,” என்றாள். “மேல திருநீறு. உள்ள நாத்தம்.”

சிராஜ் சிரிப்பை அடக்கிக்கொண்டு இரண்டு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

கழுவினார்கள். கதவில் இருந்த எச்சிலை அவளே கழுவினாள். ஊறவைத்து, நுரை போட்டு, தேய்க்காமல் வழித்து எடுத்தாள். பி.எஸ்ஸி. பிசிக்ஸ். அவள் வம்சத்திலேயே முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவள். படித்துவிட்டு வண்டி துடைக்கிறாளே என்று மாமன் வீட்டில் இளிக்காத நாள் கிடையாது. இளிக்கிறவர்களின் எச்சிலைத்தான் இப்போது துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

வண்டி காய்ந்ததும், விளக்கு ஓரம், ரப்பர் ஓரம் எல்லாவற்றிலும் காகித டேப் ஒட்டினார்கள். சிராஜ் கதவுகள் பக்கம் போனான். நாகஜோதி பானட்டுக்கு வந்தாள்.

பெயின்ட்டுக்கு மேல் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கும். கோடு எல்லாம் அந்தப் பூச்சில்தான். அதை அழிக்க முடியாது. சுற்றி இருக்கிற பூச்சைக் கோட்டின் ஆழத்துக்கு, முடியைவிட மெல்லிசாக, தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். ஒரு சாண் சதுரம். ஸ்பான்ஞ்சில் மொச்சைக்கொட்டை அளவு பாலிஷ் மருந்து. அழுத்தி மேலும் கீழும் பத்துத் தடவை, பிறகு இடமும் வலமும் பத்துத் தடவை. வட்டமாகத் தேய்க்கக் கூடாது. பூப்போன்ற துணியால் ஒற்றித் துடைத்து, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். போகவில்லையா, மறுபடியும்.

மிஷினுக்கு இரண்டு நிமிஷ வேலை. கைக்கு இருபது நிமிஷம். மூன்றாவது சதுரம் முடிகிறபோது அவளுக்கு விரல் நுனி மரத்துப் போயிற்று. ஆனால் அந்தச் சதுரத்துக்குள் தன் முகம் பிசிறில்லாமல் தெரிந்தபோது, கோபத்துக்கு நடுவிலும் கொஞ்சம் சந்தோஷம் வந்தது.

நான்காவது சதுரத்தில்தான் அவளுக்கு ஏதோ உறுத்தியது.

டார்ச்சை ஒரே இடத்தில் பிடித்தால் எல்லாக் கீறலும் வட்டமாகத்தான் தெரியும். அது வெளிச்சம் செய்கிற வேலை. டார்ச்சை நகர்த்தி நகர்த்திப் பார்த்தால்தான் கீறலின் உண்மையான போக்கு தெரியும். நகர்த்திப் பார்த்தாள். கோடுகள் வட்டமாக இல்லை. இடமிருந்து வலம், வலமிருந்து இடம், அரை நிலா அரை நிலாவாக. வாசல் மொழுகுகிற கை மாதிரி.

இன்னொன்றும் இருந்தது. வண்டியின் முன் விளிம்பிலிருந்து பானட்டின் பாதி வரைக்கும்தான் கோடுகள். அதற்கு அப்புறம், கண்ணாடி வரைக்கும், சுத்தம். கூரையில் ஒன்றுகூட இல்லை.

“சிராஜண்ணே, நீங்க எம்புட்டு உயரம்?”

“அஞ்சு பத்து. ஏன், பொண்ணு பாக்கப் போறியா?”

“இதைக் கீறுன ஆளு அம்புட்டு உயரம் இல்ல. நாலே முக்கால் அடி இருந்தா அதிகம். முன்னாடி நின்னு எட்டித் தொடைச்சிருக்கு. பாதிக்கு மேல எட்டல.”

சொல்லிவிட்டு அவளே நின்றுவிட்டாள்.

குனிந்து, வண்டியின் முன் வலைக்குள் டார்ச் அடித்தாள். காய்ந்த சந்தனத் துகள். விபூதி. அதற்கு நடுவில் மினுக்கென்று ஏதோ. ஊக்கால் நெம்பி எடுத்தாள்.

நட்சத்திர வடிவில் ஒரு தங்க ஜமிக்கி.

அவள் பட்டம் வாங்கப் போன அன்று போட்டிருந்த சிவப்புத் துப்பட்டா முழுக்க இந்த நட்சத்திரம்தான். புதுமண்டபத்துக் கடைகளில் அரை நாள் அலைந்து அம்மா தேடி எடுத்துக் கொடுத்தது. போன வருஷம் பெட்டியில் இல்லை. கேட்டதற்கு, “எலி கடிச்சிருச்சுடி, தூக்கிப் போட்டேன்,” என்றாள் அம்மா.

அம்மா சுந்தரம்மாள் நாலே முக்கால் அடி. சனிக்கிழமை விடிந்ததும், “பெருமாள் கோயிலுக்குப் போயிட்டு வாரேன்,” என்று கிளம்புவாள். திரும்பி வருகிறபோது விரல் இடுக்கெல்லாம் விபூதி. பெருமாள் கோயிலில் ஏது விபூதி என்று நாகஜோதிக்கு ஒரு சனிக்கிழமைகூடக் கேட்கத் தோன்றவில்லை.

பிசிக்ஸ் படித்து என்ன கிழித்தாள்?

*

சுந்தரம்மாள் இரண்டு மணிக்கு வந்தாள். மாம்பழக் கலர் பட்டுச் சேலை, தலை நிறையப் பூ, கையில் தூக்குச்சட்டி. நாலு மணிக்கு அண்ணன் வந்து இங்கிருந்தே வண்டியில் அழைத்துப் போவார் என்று ஏற்பாடு. இன்றைக்கு அவள் இல்லாமல் எதுவும் நடக்காது. அவர்கள் சனத்தில் பெண்ணை வெளியே கொடுத்தால், பெண்ணின் அத்தை முதல் தாம்பூலத் தட்டைத் தொட்டு எடுத்துக் கொடுக்க வேண்டும். பெண்ணைக் கட்டிக்கொள்ள அத்தை மகனுக்குத்தான் முதல் முறை. அந்த முறையை மனசார விட்டுக்கொடுத்தோம் என்று சபைக்குச் சொல்கிற அடையாளம் அது. சுந்தரம்மாளின் மகன் அருள்பாண்டி கப்பலூரில் கம்பெனி வேலைக்குப் போகிறான். அவனை ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. ஆனால் அத்தை தட்டைத் தொட வேண்டும்.

“சாப்பிடுங்கடா ரெண்டு பேரும். தம்பி, ஒனக்குச் சேத்துத்தான் கொண்டாந்தேன், கறி கிறி எதுவும் இல்ல,” என்றாள் சுந்தரம்மாள்.

நாகஜோதி உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். ஜமிக்கி வெயிலில் மின்னியது.

“எலி கடிச்சதாம்மா இது?”

சுந்தரம்மாளின் முகம் ஒரு நொடியில் செத்துப் போயிற்று. சிராஜ் இருக்கிற பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவன் வண்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“மெதுவாப் பேசுடி.”

“சனிக்கெழம சனிக்கெழம போறது பெருமாள் கோயிலா, இந்தக் கழுத வண்டியக் கும்புடவா?”

“அண்ணன் வீட்டு வண்டிதானடி. பூஜை போட்டதைத் தொடச்சு விடச் சொல்லுவா மதினி. காஞ்சு போயி இருக்கும். நல்ல துணி இருந்தா கொண்டான்னா. ஒன் துப்பட்டா வழுவழுன்னு இருந்துச்சு.”

“தண்ணி ஊத்தாம, வெறும் துணியிலயா?”

“சாமி மேல போட்டதுடி. கழுவி விட்டா சாக்கடையில போகும், கால்படும்னு மதினி சொல்லுவா. துணியில தொடச்சு எடுத்து மரத்தடியில ஒதறணும்.”

காய்ந்த விபூதி, காய்ந்த சந்தனம், ஜமிக்கித் துணி, அதற்கு மேல் அம்மாவின் அழுத்தமான கை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால்கூட இவ்வளவு ஒழுங்காகக் கோடு விழாது.

“எத்தன வருசமா?”

“வண்டி வந்ததுலேருந்து.”

“அதுக்கு முன்னாடி?”

சுந்தரம்மாள் தூக்குச்சட்டியின் மூடியைத் திருகினாள். “அதுக்கு முன்னாடி மாட்டுக் கொட்டகை.”

“ஏம்மா?”

“ஏன்னா என்னடி? ஒங்கப்பா போனப்பறம் நமக்கு யாரு? நீ காலேஜ் சேர, தாலுகா ஆபீசுக்கு அண்ணன்தான கூட வந்து கையெழுத்துப் போட்டாக?”

நாகஜோதிக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை. முதல் பட்டதாரி சான்றிதழுக்காக ஒரு நாள், ஒரே ஒரு நாள், மாமன் கூட வந்தார். ஒரு கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு கையெழுத்துக்கு, ‘நான்தான் அந்தப் புள்ளையைப் படிக்கவச்சேன்’ என்று ஊர் பூராம் சொல்லிக்கொண்டு திரிகிறார். இந்தப் பக்கம் அம்மா சாணி அள்ளியிருக்கிறாள். மகள் பட்டம் வாங்கிய துப்பட்டாவால் அவர்கள் வண்டியைத் துடைத்திருக்கிறாள்.

“மாமா வந்ததும் நான் சொல்லத்தான் போறேன்.”

சுந்தரம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஒன் காலைப் பிடிக்கிறேன்டி. இன்னிக்கு மட்டும் சொல்லிறாத. மாப்பிள்ள வீட்டாளுக முன்னாடி, அத்தைக்காரி வேலக்காரின்னு தெரிஞ்சா என் மூஞ்சிய எங்க கொண்டு போயி வைப்பேன்?”

“அப்ப சிராஜண்ணன் மூஞ்சி? அவுக கடை?”

“அந்தத் தம்பிகிட்ட நான் தனியா மன்னிப்புக் கேட்டுக்கிறேன்.”

தனியா. நாகஜோதி கையை உருவிக்கொண்டாள். மாமன் மேல் இருந்த அருவருப்பு அவளுக்குப் பழகினது. அம்மா மேல் வந்தது இதுதான் முதல் தடவை.

அப்போதுதான் கவனித்தாள். வண்டிக்கு அந்தப் பக்கம் தேய்க்கிற சத்தம் நின்று வெகு நேரம் ஆகியிருந்தது. அவள் கவனித்தது தெரிந்த மாதிரி, மறுபடியும் ஆரம்பித்தது. மேலும் கீழும். இடமும் வலமும்.

சோற்றை யாரும் தொடவில்லை. மூன்றரை மணிக்குப் பானட்டில் கடைசியாக ஒரு சாண் சதுரம் மிச்சம் இருந்தது. சரியாக நடுவில். நாகஜோதி ஸ்பான்ஞ்சைக் கீழே வைத்தாள். அந்தச் சதுரத்தைச் சுற்றி நாலு பக்கமும் டேப் ஒட்டினாள்.

“அதையும் தேச்சிருடி,” என்றாள் சுந்தரம்மாள்.

“கை வலிக்குதும்மா.”

*

ஜெயபாண்டி வந்தார். மடிப்புக் கலையாத வேட்டி, வாயில் வெற்றிலை. கூடவே ராம்கி. டீக்கடையிலிருந்து அதே பத்துப் பேரும் எழுந்து வந்தார்கள். வேடிக்கை என்றால் இவர்களுக்கு டீ ஆறிப்போனாலும் பரவாயில்லை.

சிராஜ் வண்டியை வெயிலுக்குத் தள்ளி நிறுத்தினான். ஜெயபாண்டி சுற்றி வந்தார். கதவில் அவர் மீசை தெரிந்தது, மீசையில் ஒட்டியிருந்த பாக்குத் தூள் தெரிந்தது. குறை சொல்ல எதுவும் அகப்படாமல் முகம் கோணியது. பானட்டுக்கு வந்ததும் மலர்ந்தது.

“இது என்னடா பாயி, ஒட்டுப் போட்டு வச்சிருக்க?”

நாகஜோதி டேப்பை உரித்தாள். நாலு பக்கமும் கண்ணாடி. நடுவில், வெயிலில் எரிகிற மாதிரி, அத்தனை கோடுகளும்.

“இதைக் கீறுனது யாருன்னு தெரிஞ்சப்பறம் தேய்க்கலாம்னு விட்டிருக்கேன் மாமா.”

“தெரியாமயா சாவியத் தூக்கிப் போட்டேன்? இந்தா நிக்கிறான்ல!”

நாகஜோதி அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள்.

சிராஜ் முன்னால் வந்தான். தோளில் கிடந்த துணியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

“என் கைதாண்ணே. தப்பு நடந்துபோச்சு. மன்னிச்சிருங்க.”

“அண்ணே!” என்று கத்தினாள் நாகஜோதி.

“நீ சும்மா இரு தங்கச்சி.” அவன் சுந்தரம்மாள் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பாமல் இருக்க அவ்வளவு பாடுபட்டான்.

ஜெயபாண்டி எச்சிலைக் கூட்டித் துப்பினார். நாகஜோதி காலையில் கழுவிய தரையில், வாளிக்குப் பக்கத்தில் சிவப்பாக விழுந்தது. “கேட்டுக்கிட்டீகளாய்யா எல்லாரும்? அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான். தப்பு பண்ணவன் எடத்தைக் காலி பண்றதுதான மொறை? மாசக் கடைசிக்குள்ள கெளம்பிரு பாயி.”

“கோட்டை எடுத்தா கடை இருக்கும்னு நீங்கதான சொன்னீக!” என்றாள் நாகஜோதி.

“அது நேத்து.”

“அது என் கைண்ணே.”

குரல் சின்னதாகத்தான் வந்தது. பத்துப் பேரும் திரும்பினார்கள். சுந்தரம்மாள் பட்டுச் சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பானட்டுக்கு முன்னால் வந்து நின்றாள். எக்கி, கையை நீட்டினாள். விரல் நுனி அந்தச் சதுரத்தை எட்டியது. அதற்கு மேல் எட்டவில்லை.

“சனிக்கெழம சனிக்கெழம நான் தொடச்ச கோடு இது. அந்தத் தம்பி எனக்காகப் பொய் சொல்லுது.”

ராம்கிதான் வாயைத் திறந்தான்.

“அன்னிக்கே சொன்னேன்லப்பா, அத்தை துணியாத்தான் இருக்கும்னு! நீங்கதான், ‘பேசாம இருடா, பாயி மேலயே கெடக்கட்டும், எடம் காலியாகும்’னு...”

ஜெயபாண்டி விட்ட அறையில் மீதி வார்த்தை ராம்கியின் வாய்க்குள்ளேயே போயிற்று. ஆனால் வெளியே வந்ததே போதும்.

சுந்தரம்மாள் அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். அவரை அப்படி நேராகப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்றோ.

“ஒங்களுக்குத் தெரியுமாண்ணே?”

“இப்ப அதுவாத்தா முக்கியம்?” ஜெயபாண்டி வண்டிக் கதவைத் திறந்து பிடித்தார். ஆயுசில் முதல் தடவையாகத் தங்கச்சிக்குக் கதவு திறக்கிறார். “நேரமாச்சு. மாப்பிள்ள வீட்டாளுக வந்துருப்பாக. ஏறு, போற வழியில பேசிக்கிருவோம். கடையும் இருந்துட்டுப் போகட்டும், போதுமா? ஏறுத்தா.”

சுந்தரம்மாள் திறந்த கதவைப் பார்த்தாள். உள்ளே சுத்தமாக இருந்தது. மகள் எலும்பு பொறுக்கிச் சுத்தம் செய்த சீட்டு. முந்தானையை இடுப்பிலிருந்து எடுத்து நீவிவிட்டாள்.

“நீங்க போங்கண்ணே. நான் பஸ்ல வாரேன்.”

“பஸ்ஸா? நீ வந்து தட்டத் தொடாம...”

“அதைத்தாண்ணே. தொடணுமா வேணாமான்னு யோசிச்சுக்கிட்டே வாரேன்.”

கறுப்பு வண்டி நெற்றியில் ஒரு சாண் கோடுகளோடு கிளம்பிப் போயிற்று. டீக்கடைக்காரர்கள் கலைந்தார்கள். சிராஜ் ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். சுந்தரம்மாள் வாங்கி முழுக்கக் குடித்தாள். அவனைப் பார்த்துக் கும்பிட்டாள்.

பஸ் ஸ்டாப்பில் நாகஜோதி அவள் பக்கத்தில் நின்றாள். விரல்களில் இன்னும் மருந்து வாடை. அம்மாவின் போன் விடாமல் அடித்தது. அண்ணன். மதினி. மறுபடியும் அண்ணன்.

ஆறு மணிக்குத் தட்டு மாற்ற வேண்டும். இப்போது மணி நாலே முக்கால்.

இரண்டு பஸ் வந்து, நின்று, போயிற்று. சுந்தரம்மாள் எதிலும் ஏறவில்லை.